பானெட்டைத் திறங்கள்: பழைய அமெரிக்கக் கார்கள் குறித்து வாசகர் கேள்விகள்

இந்த மாதக் கடிதங்களிலும் பெரும்பாலானவை "எந்தப் பாகத்தை வாங்கி மாற்றலாம்?" என்றுதான் முடிகின்றன. வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்த்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. பீளமேட்டு லேத் பட்டறையில் தொழில் கற்று, மிச்சிகனில் ஓர் எஞ்சின் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அளவெடுக்காமல் இரும்பில் கை வைத்தால் பட்டறையில் முதுகில் விழும். அந்தப் பழக்கம் போகவில்லை.

கே: என்னிடம் 1966 ஃபோர்டு மஸ்டாங் இருக்கிறது, 289 கன அங்குல வி8 எஞ்சின். சிக்னலில் நின்றாலே வெப்பமானியின் முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது. தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்பு, ரேடியேட்டர் மூன்றையும் புதிதாகப் போட்டுவிட்டேன். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடு என்கிறார் நண்பர். செய்யலாமா, ஐயா?
— ஒரு வாசகர், ஹூஸ்டன்

ப: வேண்டாம். எஞ்சின் எந்தச் சூட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பதைக் காப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. முழுவதும் திறந்த பிறகு அது வழியில் நிற்பதே இல்லை. அதைக் கழற்றினால் குளிர்காலத்தில் எஞ்சின் சூடேறாமல் ஆயிலில் ஈரம் தங்கும். கோடையில் உங்கள் தொல்லை அப்படியே இருக்கும்.

மூன்று பாகங்களுக்குப் பணம் கட்டிவிட்டீர்கள். எப்போது சூடாகிறது என்று கவனித்ததற்கு ஒரு காசும் ஆகியிருக்காது. நிற்கும்போது சூடாகி, ஓடும்போது இறங்கினால் குறை காற்றோட்டத்தில். நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் சூடேறினால் குறை நீரோட்டத்தில்: ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், அல்லது கீழ்க் குழாய் பம்பின் இழுப்பில் நசுங்கிக்கொண்டிருக்கலாம். உங்களுடையது முதல் வகை. ஆகவே விசிறியைப் பாருங்கள். விசிறியைச் சுற்றி ஒரு கூடு இருக்கிறதா? ஏசி இல்லாத அந்தக் கால மஸ்டாங்குகளில் பலவற்றுக்கு அது ஆலையிலேயே கிடையாது. கூடு இல்லாத விசிறி ரேடியேட்டரின் நடுவட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும். நான்கு மூலைகளும் வெறுமனே நிற்கும். கூடு மாட்டும்போது விசிறி இறக்கையில் ஏறத்தாழப் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும்.

அடுத்தது டைமிங், அதாவது தீப்பொறி பாயும் நேரம். தீப்பொறி தாமதமானால் எரிதல் பிஸ்டன் கீழே போன பிறகும் நீளும். அந்தச் சூடு எக்ஸாஸ்ட் வழியைச் சுற்றியுள்ள தண்ணீரில்தான் இறங்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாய் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டைமிங் லைட் வைத்துப் பார்ப்பீர்கள், சரிதான். ஆனால் கிராங்க் முன்னாலிருக்கும் பேலன்ஸரின் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியிருப்பது. அறுபது வருடத்து ரப்பர். வளையம் நழுவியிருந்தால் அதில் உள்ள கோடு பொய் சொல்லும். முதல் சிலிண்டரை உச்சத்தில் நிறுத்தி, கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே அதை நம்புங்கள்.

எஞ்சினைச் சமீபத்தில் யாராவது பிரித்துப் பூட்டினார்களா? இந்தச் சிறிய ஃபோர்டு வி8இல் ஹெட் கேஸ்கெட்டை முன்பின்னாக மாட்டிவிட முடியும். மாட்டினால் தண்ணீர் பின்பக்கம் வரை போகாமலே முன்னால் திரும்பிவிடும். கழற்றாமலே கண்டுபிடிக்கலாம்: கேஸ்கெட்டின் சதுர மூலை எஞ்சினின் முன்பக்கத்தில், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் பூட்டியவரிடம் போய் நில்லுங்கள்.

இவ்வளவு சொன்னேன், இன்னும் அடிப்படைக் கேள்வியைக் கேட்கவில்லை. எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா? உங்கள் முள் டிகிரி காட்டுவதில்லை. குளிர், சூடு என்ற இரண்டு முனைகள்தான். வெப்ப முள்ளும் பெட்ரோல் முள்ளும் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் ஒரே சின்ன ரெகுலேட்டரிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. பேட்டரியின் 12 வோல்ட்டை அது சராசரியாக 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே ஏறும். பாதித் தொட்டி பெட்ரோல் இருக்கும்போது முழுத் தொட்டி என்று காட்டுகிறதா? அப்படியானால் ஒரு நல்ல ரேடியேட்டரைத் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். கதிர் வெப்பமானி ஒன்று வாங்கி, தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டிப் பாருங்கள். 210 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் பதற வேண்டியதில்லை. ரேடியேட்டர் மூடி தரும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ 3 டிகிரி உயரும். 13 பவுண்டு மூடிக்குக் கீழே, பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்த நீர் 250ஐத் தாண்டித்தான் கொதிக்கும்.

கே: 1964 செவ்ரோலெட் இம்பாலா வாங்கியிருக்கிறேன். லோரைடராக, அதாவது தரையை ஒட்டித் தாழ்த்திய காராக மாற்றி, அதை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் பம்பு பூட்ட வேண்டும் என்பது என் பள்ளிக்கால ஆசை. எதிலிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், லாஸ் ஏஞ்சலஸ்

ப: பிரேக்கிலிருந்து.

சிரிக்காதீர்கள். உங்கள் காரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் அறை ஒன்றுதான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஓட்டம். எங்கோ ஒரு குழாய் வெடித்தால் நான்கும் ஒரே நொடியில் போய்விடும்; மிதி தரையைத் தொடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஓட்டம் கொண்ட இரட்டைச் சிலிண்டர், பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் 1967 மாடலில்தான் வந்தது. கேடிலாக் 1962லேயே வைத்துவிட்டது. மற்றவர்களில் பெரும்பாலோர் சட்டம் கதவைத் தட்டும்வரை காத்திருந்தார்கள். உங்கள் காரில் இரட்டைச் சிலிண்டர் பூட்ட ஒரு வார இறுதி போதும். கண்காட்சிக்காரர் யாராவது "ஆலை வைத்ததை மாற்றுவது பாவம்" என்று சொன்னால், அவரையே ஏற்றிக்கொண்டு ஒரு மலைப்பாதையில் இறங்குங்கள்.

முன் சக்கரங்களுக்கு டிஸ்க் போடுவீர்களானால் இரண்டு விஷயம். டிரம் பிரேக்குக்கான சிலிண்டரில் குழாயில் எப்போதும் 10 பவுண்டு அளவுக்கு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். அதே வால்வு டிஸ்க் பக்கம் இருந்தால் பட்டை தட்டை விடாமல் உரசிக்கொண்டே வரும். இரண்டாவது, பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு தேவை. இல்லாவிட்டால் அவசரமாக மிதிக்கும்போது பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு காரின் வால் சுழலும். டிரம்மையே வைத்துக்கொள்வதும் தவறல்ல. எப்படியானாலும் மூன்று ரப்பர் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். பிரேக் பிடிக்கும், விடாது.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசு தட்டும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு. என் தலைமுறையில் அதைச் சுவாசிக்காதவர் இல்லை. நீங்கள் நனைத்துத் துடையுங்கள். துடைத்த துணியை ஈரத்தோடே பையில் கட்டிப் போடுங்கள்.

இனி உங்கள் ஆசைக்கு வருவோம். ஹைட்ராலிக் வந்த கதை எனக்குப் பிடித்தமானது. கலிஃபோர்னியாவில் 1958இல் வந்த ஒரு சட்டம், காரின் எந்தப் பகுதியும் சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது என்றது. ரான் அகீரே என்பவர் போர் விமான உபரிக் கடைகளில் கிடைத்த பம்புகளைத் தன் கார்வெட்டில் பூட்டினார். போலீஸைக் கண்டால் உயர்த்துவது, போன பின் தாழ்த்துவது. அந்தக் கட்டுப்பாட்டை கலிஃபோர்னியா 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் நீக்கியிருக்கிறது. ஆகவே நீங்கள் நல்ல காலத்தில் தொடங்குகிறீர்கள்.

ஆனால் உங்கள் இம்பாலாவின் அடிச்சட்டம் எக்ஸ் வடிவம். பக்கவாட்டில் நீளச் சட்டங்கள் கிடையாது. நடுவில் இடுப்புப் போல ஒடுங்கும். அதை எகிறிக் குதிக்க வைத்தால் அந்த ஒடுங்கிய இடத்திலும் முன் சஸ்பென்ஷன் கோபுரங்களிலும் வெடிப்பு விடும். ஆகவே முறை தெரிந்தவர்கள் உடலைச் சட்டத்திலிருந்து பிரித்து, சட்டத்தை எஃகுத் தகட்டால் போர்த்தி வெல்டிங் செய்துவிட்டுத்தான் பம்பைத் தொடுவார்கள். ஏற்றி இறக்கிப் பார்க்க மட்டும் ஆசையென்றால் அவ்வளவு தேவையில்லை. டிக்கியில் தொடராக இணைத்த பேட்டரிகளுக்குக் கையெட்டும் இடத்தில் துண்டிப்பான் ஒன்று வையுங்கள். பம்புக்கு மின்சாரம் விடும் சொலினாய்டு சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் காரையே எரித்துவிடும்.

கே: பாயின்ட்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா? 1965 செவெல், 283 எஞ்சின்.
— ஒரு வாசகி, டாலஸ்

ப: போடலாம், கேப்புக்குள் மறைந்துகொள்வதாகவே கிடைக்கிறது. ஆனால் உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் ஒரு சின்ன ஜன்னல் மூடி இருக்கிறதே, அதை ஒருமுறையாவது திறந்து பார்த்தீர்களா? எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஜன்னல் வழியே ஆலன் சாவியை விட்டு, பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும் டுவெல் மீட்டர் 30 டிகிரி காட்டும்வரை திருகிவிட்டு மூடிவிடலாம். செவ்ரோலெட் பொறியாளர்கள் செய்த மிக நாகரிகமான காரியங்களில் ஒன்று அது. ஃபோர்டு வைத்திருந்த எங்களுக்கெல்லாம் அந்த வசதி இல்லை. கேப்பைக் கழற்றி, அங்குலத்தில் ஆயிரத்துக்கு 17 பங்கு தடிமனுள்ள தகட்டை வைத்து, குனிந்து நின்று பார்க்க வேண்டும்.

எலெக்ட்ரானிக் போட்டால் ஒன்று: அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். பாயின்ட் கருகாமலிருக்க ஆலை வைத்த தடைக் கம்பி வழியாக இணைத்தால் மட்டமாக ஓடும், சூடான நாளில் நின்றும் போகும். இக்னிஷன் சாவியை நெடுநேரம் ஆன் நிலையில் விட்டு, எஞ்சின் ஓடாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்காதீர்கள், உள்ளே வெந்துவிடும். எது போட்டாலும் பழைய பாயின்ட்டும் கண்டென்சரும் கையுறைப் பெட்டியில் இருக்கட்டும். நடுவழியில் பாயின்ட்டை நகம் தீட்டும் அரத்தால் தேய்த்து வீடு வந்து சேரலாம். கருத்துப்போன மாட்யூலை எதைக் கொண்டு தேய்ப்பீர்கள்?

கே: வி8 எஞ்சின் 1966 மஸ்டாங் ஒன்று விலைக்கு வருகிறது. புதிய சிவப்புப் பெயின்ட், அருமையாக இருக்கிறது. போய்ப் பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

ப: பெயின்ட்டை மறந்துவிடுங்கள். புதுப் பெயின்ட் என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், அது எதை மூடியிருக்கிறது என்பதுதான்.

சக்கரத்தில் எத்தனை நட்டு என்று எண்ணுங்கள். அந்த வருடத்து மஸ்டாங்கில் ஆறு சிலிண்டர் என்றால் நான்கு நட்டு, வி8 என்றால் ஐந்து. எஞ்சினை மாற்றினவர் சக்கரங்களையும் பின் ஆக்ஸிலையும் மாற்றாமல் விட்டிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வார். மாற்றியிருந்தாலும் கார் எண் காட்டிக்கொடுக்கும். பானெட்டைத் திறந்து ஓட்டுநர் பக்க உள் தகட்டில் பொறித்திருப்பதைப் படியுங்கள். முதல் எண் 6, ஆண்டு. அடுத்த எழுத்து ஆலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி என்றால் மெட்டச்சன். பிறகு இரண்டு எண்கள் உடல் வகை: 07 கூபே, 08 திறந்த கார், 09 ஃபாஸ்ட்பேக். அதன் பின் வரும் எழுத்துதான் எஞ்சின்: டி என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர், சி, ஏ, கே மூன்றும் 289 வி8இன் ரகங்கள். கே அவற்றுள் மிக அரிது, விலையும் அதிகம், ஆகவே போலிகளும் அதிகம். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆலை எழுத்து டி என்றிருந்தால் உங்களுக்கு ஒரு சுவையான செய்தி. மெட்டச்சன் ஆலை என்று பெயரே தவிர, அது இருந்தது உங்கள் எடிசனில்தான். 2004இல் மூடினார்கள், இப்போது அங்கே கடை வளாகம். நீங்கள் சாமான் வாங்கப் போகும் இடத்தில் பிறந்த காராக இருக்கலாம்.

துருவுக்கு வருவோம். கையில் காந்தம், டார்ச், ஒரு குடம் தண்ணீர். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் கீழ்விளிம்பு, பின் சக்கர வளைவு, ஃபெண்டரின் அடிப்பகுதி ஆகியவற்றில் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான். தண்ணீர் எதற்கு என்றால், முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் சல்லடை இருக்கிறது. மழைநீர் அதன் வழியே ஒரு பெட்டிக்குள் இறங்கி வெளியேற வேண்டும். அந்தப் பெட்டி துருப்பிடித்து ஓட்டையாவது இந்தக் கார்களின் பரம்பரை நோய். விற்பவரின் அனுமதி பெற்றுச் சல்லடையில் நீரை ஊற்றுங்கள். உடன் வந்தவர் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடிக்கட்டும். கால் வைக்கும் இடத்தில் நீர் சொட்டினால், அந்தப் பெட்டியைச் சரிசெய்ய முன்பக்கத்தைப் பிரித்து, நூற்றுக்கணக்கான ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்தெடுக்க வேண்டியிருக்கும். சிவப்புப் பெயின்ட்டும் அதோடு போகும். அனுமதிக்க மறுத்தால் அதுவே பதில்.

அதன்பின் தரைவிரிப்பைத் தூக்குங்கள். காருக்கு அடியில் படுத்து, முன் சட்டமும் பக்கச் சட்டமும் சேரும் மூலைப் பெட்டிகளைத் தட்டிப் பாருங்கள். எஞ்சின் புகைவிட்டால்கூடப் பரவாயில்லை. இந்த எஞ்சினுக்கு ஆணி முதல் பிஸ்டன் வரை புதிதாகக் கிடைக்கிறது. தகரம் போன கார்தான் பணத்தைத் தின்னும்.

கே: ஈயம் கலந்த பெட்ரோல் இல்லாமல் பழைய எஞ்சின் கெட்டுப்போகும் என்கிறார்களே?
— ஒரு வாசகர், அட்லாண்டா

ப: அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் 1996 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அதற்கு வெகு முன்பே பெரும்பாலான பம்புகளிலிருந்து மறைந்துவிட்டது. எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் ஒட்டித் தேயாமல் ஈயம் ஒரு படிவாக நின்று காத்தது உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் கடை வரை போய்வரும் காருக்கு அந்தத் தேய்மானம் கவலைப்படும் அளவில் இருக்காது. டிரெய்லர் இழுப்பவர்களும் நாள் முழுக்க நெடுஞ்சாலையில் அழுத்துபவர்களும் யோசிக்கட்டும். வேறு காரணத்துக்காக ஹெட்டைக் கழற்றும்போது கடினமான இருக்கைகளைப் பொருத்திக்கொள்ளுங்கள். இதற்கென்றே கழற்ற வேண்டாம்.

நீங்கள் கேட்காத இரண்டுதான் உண்மையான எதிரிகள். ஒன்று, இன்றைய பெட்ரோலில் உள்ள 10 சதவீத எத்தனால். பழைய ரப்பர் குழாயை அது இளக்கிவிடும். தொட்டியில் ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் சொட்டுவது எஞ்சினின் சூடான எக்ஸாஸ்ட் மேல் என்பதை நினைவில் வையுங்கள். எஸ்.ஏ.இ. 30 ஆர் 9 என்று அச்சிட்ட ஹோஸாக வாங்கி மாற்றுங்கள்.

மற்றது ஆயில். உங்கள் எஞ்சினில் கேம் தண்டு தட்டையான டாப்பெட்டின் மேல் உரசி ஓடுகிறது. அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக 2004இல் வந்த ஆயில் தரத்திலிருந்து அந்த அளவைக் குறைத்துவிட்டார்கள். பழைய கார்களுக்கென்று துத்தநாகம் கூட்டி விற்கும் ஆயிலை வாங்குங்கள். புதுக் கேம் போட்டால் முதல் ஓட்டத்தில் ஐடிலில் விடவே கூடாது. ஸ்டார்ட் ஆனதும் 2000 சுழற்சிக்கு மேல் ஏற்றி 20 நிமிடம் பிடித்திருக்க வேண்டும். இதைச் செய்யாத கேம் ஒரு மாலைப்பொழுதிலேயே வழுவழுவென்று உருண்டுவிடும்.

கே: 1972 செவ்ரோலெட் சி10 பிக்கப்பில் எல்எஸ் எஞ்சின் போடலாம் என்கிறான் மகன். உங்கள் கருத்து?
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

ப: மகன் சொல்வதில் பிழையில்லை. 1997 கார்வெட்டில் வந்த அந்த எஞ்சின் குடும்பம் எடை குறைவு, சக்தி அதிகம், விபத்து வண்டிகளிலிருந்து எளிதாகக் கிடைக்கும். ஆனால் அவன் எஞ்சின் விலையை மட்டும் சொல்லியிருப்பான். கார்புரேட்டருக்கு 5, 6 பவுண்டு பெட்ரோல் அழுத்தம் போதும். இதற்கு 58 பவுண்டு வேண்டும். ஆகவே தொட்டிக்குள் மின்பம்பு, புதுக் குழாய்கள், வயரிங், கம்ப்யூட்டர், வேறு ஆயில் சட்டி, கியர்பாக்ஸ், நீளம் மாற்றிய டிரைவ் ஷாஃப்ட் என்று பட்டியல் ஓடும். முழுப் பட்டியலுக்கும் விலை எழுதி வரச் சொல்லுங்கள். இப்போதிருக்கும் 350 கன அங்குல எஞ்சின் ஆரோக்கியமாக இருந்தால் நான் தொடமாட்டேன். ஏசிக்குச் செலவழியுங்கள், ஃபீனிக்ஸில் இருக்கிறீர்கள்.

கே: தாத்தா விட்டுச்சென்ற 1948 பிளைமவுத் கோவையில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது. 12 வோல்ட் பேட்டரி வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக்.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ப: என் ஊர்க்காரர் கேட்டுவிட்டார், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது 6 வோல்ட் வண்டி. மேலும் பாசிட்டிவ் முனைதான் உடலோடு எர்த் ஆகியிருக்கும். கிரைஸ்லர் கம்பெனி 12 வோல்ட்டுக்கு மாறியது 1956 மாடலில். 12 வோல்ட் வைத்தால் ஸ்டார்ட்டர் உற்சாகமாகச் சுற்றும். பல்புகள், மீட்டர்கள், காயில், ஹாரன் எல்லாம் ஒவ்வொன்றாகக் கருகும்.

அந்த வண்டி புதிதாக இருந்தபோது 6 வோல்ட்டில் நன்றாகத்தான் கிளம்பியது. அதே வேலையை 6 வோல்ட்டில் செய்ய இரு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும். ஆகவே கேபிள் தடிமனாக இருக்க வேண்டும். யாரோ ஒரு காலத்தில் அம்பாசடருக்கு விற்கும் மெல்லிய கேபிளை மாட்டியிருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். வெல்டிங் கேபிள் விற்கும் கடையில் விரல் தடிமன் செப்புக் கேபிள் வாங்கி, முனைகளை நன்றாக அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான எர்த் பட்டையைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து, பளிச்சென்ற இரும்பில் மறுபடி முடுக்குங்கள். பிறகும் மெதுவாகச் சுற்றினால் ஸ்டார்ட்டரைப் பிரித்து புஷ், பிரஷ் பார்க்கலாம். ரீவைண்டிங் பட்டறைக்கு உங்கள் ஊரில் பஞ்சமா?

கே: என் கணவர் கராஜிலேயே குடியிருக்கிறார். நேற்று கார்புரேட்டரைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைத்துவிட்டார். ஏதாவது வழி சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, டிராய், மிச்சிகன்

ப: அம்மா, அந்த அலுமினியத்தைக் காரச் சோப்பு கருக்கடித்துவிடும், அதைச் சொல்லி நிறுத்துங்கள், சாம்பார் வாசனையைச் சொன்னால் நிற்கமாட்டார். கராஜிலிருந்து அவரை வெளியே கொண்டுவர எனக்கு வழி தெரியாது. என் வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம். ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் அவர் படுக்கக் கூடாது. ஸ்டாண்ட் வைத்திருக்கிறாரா என்று நீங்களே போய்ப் பாருங்கள். ஜனவரிக் குளிரில் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. அலாரம் ஒன்றைக் கராஜை ஒட்டிய அறையில் மாட்டுங்கள்.

கே: குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது நல்லதுதானே?
— ஒரு வாசகர், சிகாகோ

ப: கெட்டது. ஐந்து நிமிடத்தில் எக்ஸாஸ்ட்டும் ஆயிலும் ஈரம் உலரும் அளவுக்குச் சூடாவதில்லை. பெட்ரோல் எரிந்து வரும் நீர் சைலன்ஸரில் தங்கி உள்ளிருந்து துருவாக்கும். ஆயிலை மாற்றி, தொட்டியை நிரப்பி ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை வரும்படி கொஞ்சம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பேட்டரிக்கு மெல்ல மின்னேற்றும் சார்ஜர். கை பிரேக் போடாதீர்கள், டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எலி புகாமல் எக்ஸாஸ்ட் முனையிலும் ஏர் கிளீனர் வாயிலும் இரும்புப் பஞ்சு அடைத்துவிட்டு, "பஞ்சை எடு" என்று எழுதிய அட்டையை ஸ்டியரிங்கில் கட்டிவையுங்கள்.

கே: 1966 டாட்ஜ் டார்ட். டயர்க் கடையில் இடப்பக்கச் சக்கர நட்டுகளைக் கழற்றும்போது மூன்று போல்ட் முறிந்துவிட்டது. இரும்பு அவ்வளவு பலவீனமா?
— ஒரு வாசகர், கொலம்பஸ்

ப: இரும்பில் குறையில்லை. கிரைஸ்லர் கார்களில் ஏறத்தாழ 1970 வரை இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை, வலச்சுற்றாகத் திருப்பினால்தான் கழலும். ஓடும்போது நட்டு தானாகத் தளராது என்பது அவர்களின் கணக்கு. வலப்பக்கம் போல நினைத்துக் காற்றுத் துப்பாக்கியால் கழற்றினால் கழலாது, இன்னும் முடுக்கும். முடுக்கி முடுக்கி முறியும். போல்ட்டின் நுனியில் ஆங்கில எல் எழுத்து பொறித்திருக்கும், மண்ணைத் துடைத்துப் பாருங்கள். என் 1967 பிளைமவுத் வேலியன்ட்டுக்கும் இதே கதைதான். இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டிலும் எல்லாவற்றுக்கும் வலது மரை போல்ட்டும் நட்டும் வாங்கி அடித்து மாற்றிவிடலாம். டிரம்மைக் கழற்றினால் ஒரு மணி நேர வேலை. ஆலை வைத்தபடியே இருக்கட்டும் என்றால் இடது மரை போல்ட்டும் கிடைக்கிறது. அப்போது சக்கர மூடியின் உள்பக்கத்தில் திருப்பும் திசையைக் காட்டும் அம்புக்குறி ஒன்றைப் பெயின்ட்டில் போட்டுவையுங்கள்; கடைப் பையன் மூடியைக் கழற்றியதும் அதுதான் முதலில் கண்ணில் படும்.